குடிக்காத எலியின் நடை

சர்ர்... தட். சர்ர்... தட்.

மடியில் வைத்திருந்த பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. சுவரில் நகம் தேய்கிறது, பிறகு உடம்பு விழுகிறது, நடுவில் ஒரு தயக்கம். கார் கண்ணாடிக்கு வெளியே திண்டிவனம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. எனக்கோ எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா பூட்ஸ் காலோடு உள்ளே வருவார். ஒரு கால் தேயும், ஒரு கால் விழும். அத்தனை பெரிய மனிதர் எழுப்பிய சத்தத்தை விரல் நீள எலி ஒன்று எழுப்பிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மதாம் எலேன் தூங்கிக்கொண்டிருந்தார். பிரான்சில் நான் சரக்கறை குமாஸ்தாவாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அவர் மூளை ஆராய்ச்சி செய்கிறவர். வேறு எதற்காகவோ எலிக் கருவுக்குள் ஓர் அயல் மரபணுவைச் செலுத்தியிருந்தார். அது போய் உட்கார்ந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று உடைந்துவிட்டது. அந்த வம்சத்தில் சில குட்டிகள் தள்ளாடிப் பிறந்தன. நிற்கவும் நடக்கவும் உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறுமூளையில், வரிசையாக நிற்க வேண்டிய பெரிய செல்கள் பாதிக்கு மேல் இல்லை. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று என்று மதாம் சொல்வார், கொஞ்சம் வெட்கத்தோடு.

புதுச்சேரியில் என் அக்கா ரோசாலிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், போன முறை நான் விடுமுறையில் வந்தபோது, அவளுக்கு இருக்கும் தள்ளாட்ட நோயைப் பற்றி உங்கள் ஊரில் யாராவது ஆராய்கிறார்களா என்று கேட்டார். திரும்பிப் போய் வராந்தா வராந்தாவாக விசாரித்தேன். மதாமைப் பிடித்தேன். இரண்டு பேருக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. அதன் முடிவில்தான் இந்தப் பெட்டி. எலிகளைப் புதுச்சேரியிலேயே பெருக்குவது, இரண்டு ஊரிலும் ஒரே வம்சத்தை வளர்த்து ஒப்பிடுவது என்று ஏற்பாடு. நான் மொழிபெயர்ப்பாளன். பெட்டி தூக்குகிறவனும் நானே.

ஊர் எல்லையில் டிரைவர் சந்தோஷமாகத் திரும்பிச் சொன்னார்: “இனிமே கடைக்குக் கடை சரக்கு சார். மெட்ராஸ்காரங்களுக்குச் சொர்க்கம்.”

உண்மைதான். வரிசையாக மஞ்சள் பல்புகள், நனைந்த பலகைகள், வாசலில் குடை மடக்கும் ஆட்கள். இந்த ஊரில் ஒரு மனிதன் தள்ளாடினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

*

டாக்டர் எலிகளுக்காகத் தட்டாஞ்சாவடியில் ஒரு பழைய ஐஸ் கம்பெனியை வாடகைக்கு எடுத்திருந்தார். தடித்த சுவர், உள்ளே எப்போதும் ஒரு குளிர்ச்சி. கூண்டுகளைப் பக்கத்துப் பட்டறையில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பட்டறைக்காரர் இதுவரை பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டு செய்து பழகியவர். கூண்டுகளுக்கும் அந்த ஜாடை இருந்தது. மதாம் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எங்களுடையதைவிட அழகு” என்றார்.

எலிகளைப் பார்த்துக்கொள்ள அஞ்சலை என்ற அம்மாள். மில்லில் ராட்டை ஓட்டினவர், மில் மூடிய பிறகு இங்கே. மதாம் பாடம் நடத்தினார், நான் தமிழில் சொன்னேன். தள்ளாடும் எலிகள் குட்டி போடுவதில்லை. நன்றாக ஓடும் சில எலிகளுக்குள் அந்த உடைவு ஒளிந்திருக்கும், அவற்றை இணைசேர்த்தால்தான் தள்ளாடும் குட்டி கிடைக்கும். எது எது என்று காதில் போட்ட துளையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அஞ்சலை ஒரு காதை உற்றுப் பார்த்தார். “காது குத்தியாச்சு. மொட்டை அடிச்சீங்களா? தாய்மாமன் யாரு, நீங்களா சார்? சீரு இன்னா கொண்ணாந்தீங்க?”

மதாமுக்கு அதை மொழிபெயர்க்க நேரம் பிடித்தது. புரிந்ததும் ஐஸ் கம்பெனி அதிரச் சிரித்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் மதாம் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த அறையில் டாக்டர் பழகுவதற்காக வாங்கி வைத்திருந்த உள்ளூர் வெள்ளை எலிகள் இருந்தன. அவையும் இவையும் சேரக்கூடாது. உள்ளூர் எலிக்குப் பழகிப்போன மூச்சு நோய் இவற்றைக் கொன்றுவிடும். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அஞ்சலை தலையை ஆட்டினார்.

*

மறுநாள் தவளக்குப்பம். கடலூர் ரோட்டு முக்கில் மீன் கூடைகளும் தக்காளித் தட்டுகளும் நனைந்து நின்றன. அக்கா வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால். நான் அப்பாவின் குடியுரிமைக் காகிதத்தில் பிரெஞ்சுக்காரன் ஆனேன். அக்கா மில் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு இந்தியக்காரியாகவே நின்றுவிட்டாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறாள்.

உள்ளே போனதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கழற்றிய ஷூவை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தாள். அப்பாவின் பூட்ஸில் இடது அடி மட்டும் தேய்ந்திருக்கும்.

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது” என்றாள். பேச்சு நாக்கில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. போன முறை இப்படி இல்லை.

சுறாப்புட்டும் சங்கரா மீன் குழம்பும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கொண்டு செய்து வைத்திருந்தாள். பிரான்சில் மீன் உண்டு, கடல் உண்டு, மழைகூட உண்டு. குழம்பு கொதிக்கும் வீட்டின் ஈரம் மட்டும் அங்கே கிடைப்பதில்லை. சாப்பிடும்போது எலியைப் பற்றிச் சொன்னேன். அவள் கை பாதியில் நின்றது.

“அப்பா மாதிரியே நடக்குதா?”

“அப்படியேதான்.”

“அதுக்கு இன்னா குடுப்பாங்க குடிக்க?”

“தண்ணி.”

“வெறும் தண்ணியா?”

“வெறும் தண்ணி.”

“அத மிசே அந்துவான் பாக்கணும்” என்றாள்.

மிசே அந்துவான் அப்பாவோடு இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எழுபதுகளில் ஒரு ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளில், சொல்தாக்கள் என்று ஊர் சொல்லும் பழைய சிப்பாய்கள் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுத்துப் போனார்கள். அப்பா வரிசையை விட்டுச் சாய்ந்தார். வரிசைக்குத் தலைவர் அந்துவான். முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து, ஊர் பார்க்க, “குடிச்சிட்டு மெடல் குத்திக்கினு வராத லூர்து” என்றார். அப்பா அதன் பிறகு பதக்கத்தைத் தொடவில்லை. அவர் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. அம்மா தினமும் சாயங்காலம் அவர் வாயை மோந்து பார்ப்பாள். எந்த வாசனையும் இருக்காது. வாசனை தெரியாத சரக்கு ஒன்று வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லுவாள். சாகும் வரை அதைத்தான் நம்பினாள்.

“அம்மாகிட்ட நாம சொல்லிச் சொல்லிப் பாத்தோம்” என்றாள் அக்கா. “அந்துவான் சொன்னாதான் அது நம்பும்.”

அம்மா செத்து வெகு காலம் ஆகிறது. அக்கா நிகழ்காலத்தில்தான் பேசினாள்.

*

அடுத்த இரண்டு நாளும் ஊர் சுற்றினோம். மதாமுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நேர்க்கோட்டுத் தெருக்கள் பிடிக்கவில்லை. “எங்கள் ஊரிலிருந்து தப்பிக்கத்தான் வந்தேன்” என்றார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் தெருக்களில், மார்க்கெட் இடுக்கில், கருவாட்டுக்கும் மல்லிகைக்கும் நடுவே நின்று மூச்சை இழுத்து விட்டார். ஒரு ரொட்டிக் கடையில் நீள ரொட்டி வாங்கிக் கடித்துவிட்டு உப்பு அதிகம் என்றார். கடைக்காரர், பிரெஞ்சு தெரிந்தவர், கோபித்துக்கொண்டார்: “மதாம், உப்பு இல்லாம தின்ன ஆளுங்கதான் கப்பல் ஏறிட்டாங்களே.”

இரண்டாம் நாள் மாலை திரும்பியபோது அஞ்சலை வாசலிலேயே நின்றார். எலி தும்முகிறது என்றார்.

உள்ளே, தள்ளாடும் எலியின் கூண்டில் இரண்டு எலிகள் இருந்தன. ஒன்றின் காதில் துளை இல்லை.

“ஒண்டியா கெடந்துச்சு சார்” என்றார் அஞ்சலை. “தண்ணிக் குழாய்கிட்ட போவும், வுழும். போவும், வுழும். கையக் கட்டிப்போட்டாப்புல இருந்துச்சு எனக்கு. பக்கத்து ரூம்லேர்ந்து ஒண்ண எடுத்துத் தொணைக்கு வுட்டேன். அது பக்கத்துல சாஞ்சிக்கினு இது நிமிர்ந்து குடிச்சுது. ரெண்டும் ஒரே உருண்டையத் தின்னுச்சுங்க.”

“சேர்க்கக் கூடாதுன்னு சொன்னேனே அம்மா.”

“கும்பலாதான் சேக்கக்கூடாதுன்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டு நேரத்துக்கு.”

தனியாக ஒருவரைச் சாப்பிடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க இந்த ஊர்க்காரர்களால் முடியாது. பேருந்தில் பொட்டலம் பிரித்தால்கூடப் பக்கத்து ஆளைக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். கூண்டில் நடந்ததும் அதுதான்.

மதாம் ஒவ்வொரு கூண்டாகக் காதை வைத்துக் கேட்டார். எல்லாவற்றிலும் மூச்சு கரகரத்தது. டாக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இடம் பார்த்து, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, கூண்டுக்குப் பட்டறைக்காரரைக் கெஞ்சி, இந்த ஊரிலேயே இப்படி ஒரு வேலை நடக்கும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தவர். கூண்டு வைக்க மிச்சமிருந்த காலித் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாம் என்னிடம் சொன்னதை அஞ்சலைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. நோய் தொட்ட எலிகளைப் பிரான்சுக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது. இங்கே விட்டால் ஒவ்வொன்றாகத் திணறிச் சாகும், அப்படிச் செத்தால் மூளை எதற்கும் உதவாது. நாளை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். மூளைகளைப் பாட்டிலில் போட்டுப் பாதி இங்கே, பாதி அங்கே.

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மதாம் அவர் அருகே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். துணை இருந்தபோது அது நன்றாகச் சாப்பிட்டதா?

“சாப்ட்டுச்சு” என்றார் அஞ்சலை.

மதாம் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

*

காலையில் மழை வலுத்திருந்தது. எப்படியோ தவளக்குப்பம் போய் அக்காவைக் கிளப்பினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். படியில் கால் இரண்டு தடவை தவறியது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“பொம்பளைங்களே காலையில ஊத்திக்கினு வந்தா நா இன்னா பண்றது.”

பஸ் திரும்பிப் பார்த்தது. அக்கா கம்பியைப் பிடித்து நிமிர்ந்தாள். “ரெண்டு குவாட்டர்தான் ராசா. டிக்கெட்டக் குடு.”

சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் தோளில் இருந்த அவள் விரல்கள் சிரிக்கவில்லை.

அரியாங்குப்பத்தில் இறங்கினோம். மிசே அந்துவான் ஈசிசேரில் போர்வைக்குள் இருந்தார். கண் மங்கியிருந்தது, மீசை மட்டும் இன்னும் ராணுவத்தில் இருந்தது. மழையில் ஓர் எலியைப் பார்க்க வர வேண்டும் என்று நான் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாரீசுலேர்ந்து எலியா? ஏன், இங்க கெடைக்கலியா?”

“லூர்து மக கூப்பிடுறேன்” என்றாள் அக்கா. “நீங்க எங்கப்பாவ வரிசையிலேர்ந்து இழுத்தீங்க. ஒரு தடவ எங்கூட நடந்து வாங்க.”

அவர் போர்வையை விலக்கினார். கோட்டு எடுத்து வரச் சொன்னார்.

அடுத்த பஸ் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பாலத்தின் மேல் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. அடியில் ஆறு காவி நிறத்தில் பெருகிப் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் என்று மதாம் சொல்லியிருந்தார். கடைசியில் இறங்கிப் பாலத்தை நடந்தே கடந்தோம். என் ஒரு பக்கம் தள்ளாடும் அக்கா, மறு பக்கம் கண் மங்கிய கிழவர், நடுவில் நான். முருங்கப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சைக்கிள்காரர் எங்களைப் பார்த்து, “மூணு பேரும் ஒரே கடையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்துவான் அதைக் கேட்டார். அவர் நடை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

*

ஐஸ் கம்பெனியில் ஃபார்மலின் நெடி அடித்தது. பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மதாம் ஒரே ஒரு எலியைக் கடைசியாக வைத்திருந்தார். எங்களுக்காகக் காத்திருந்ததாக அவர் சொல்லவில்லை.

மேஜைமேல் வெள்ளைத் தாள் விரித்து அதை இறக்கிவிட்டார். மூச்சு கரகரக்க அது நடந்தது. நாலு அடி, இடது பக்கம் சாய்வு, விழுதல். எழுந்தது. நாலு அடி, சாய்வு. தாளின் ஓரத்துக்கு வந்ததும் மதாம் கையை அணையாக வைத்தார். அது அந்தக் கையில் முட்டி நின்று, தனக்கு ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்டதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டது.

அந்துவான் மேஜையோடு மூக்கு படும்படி குனிந்தார். பிரெஞ்சில் கேட்டார்: இதற்கு என்ன கொடுத்தீர்கள்?

“தண்ணீர், ஐயா. கோதுமை உருண்டை.”

“ஊசி?”

“இல்லை.”

“சாராயம் கொடுத்துச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.”

“இதற்கு இல்லை. இது இப்படியே பிறந்தது.”

அவர் நிமிரவில்லை. எலி மறுபடி விழுந்தது. “எடது பக்கந்தான் சாய்வான்” என்றார் தமிழில், யாரிடம் என்று இல்லாமல்.

“அன்னிக்கி எந்தக் கையப் புடிச்சி இழுத்தீங்க?” என்றாள் அக்கா.

“எடது.”

பிறகு அவர் மறுபடி பிரெஞ்சுக்குப் போனார். அப்படியானால் லூர்துக்கும் இதே நோய்தானா?

மதாம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “என்னால் அப்படிச் சொல்ல முடியாது, ஐயா. இந்த எலியின் தகப்பன் நன்றாக நடந்தது. இவர்கள் வீட்டில் தகப்பனுக்கும் இருந்திருக்கிறது, மகளுக்கும் இருக்கிறது. இது வேறாக இருக்கலாம். இறந்தவரை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

பார்க்காத ஒன்றைப் பற்றி. கிழவர் அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

அக்கா என் சட்டையை இழுத்தாள். “மதாம் இன்னாடா சொல்லுது?”

நான் வாயைத் திறக்கும் முன் அந்துவான் திரும்பினார். “இதேதான்னு சொல்றாங்கம்மா” என்றார். “லூர்துக்கு இருந்தது இதேதான். சந்தேகமே இல்லன்னு சொல்றாங்க.”

மொழிபெயர்ப்பாளன் நான். இதற்காகவே கூட்டி வரப்பட்டவன். மதாம் என்னைப் பார்த்தார், டாக்டர் என்னைப் பார்த்தார். டாக்டருக்கும் பிரெஞ்சு தெரியும். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா கையை நீட்டி எலியின் முதுகில் ஒரு விரலை வைத்தாள். கையும் நடுங்கியது, எலியும் நடுங்கியது. “பாவம்டா” என்றாள். “இத ஊர்ல எவனும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான்.” பிறகு டாக்டரிடம், “என் மூளையும் வேணும்னா அப்பால எடுத்துக்குங்க சார், அதுக்கு இங்க வேற வேல ஒண்ணுமில்ல” என்றாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதாம் கதவைச் சாத்தினார். அஞ்சலை எங்களோடு வெளியே வந்து மழைச் சாரலில் நின்றார். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

*

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. மெழுகுவர்த்தி, சாமந்தி, ஈரமண். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பெயர்களுக்குக் கறுப்பு எழுதி, குடும்பம் குடும்பமாக நின்றார்கள். அந்துவான் பதக்கங்கள் எல்லாவற்றையும் குத்திக்கொண்டு வந்தார். அப்பாவையும் அம்மாவையும் ஒரே குழியில்தான் வைத்திருந்தோம். அவர் அம்மாவின் பெயர் இருந்த பக்கமாகக் குனிந்தார்.

“தங்கச்சி, லூர்து குடிக்கல. நாந்தான் தப்பா பாத்துட்டேன்.”

அவ்வளவுதான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றப் பார்த்தாள். தீக்குச்சியும் திரியும் சேர மறுத்தன. அந்துவான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் மங்கியவரும் கை நிற்காதவளும் சேர்ந்து ஏற்றினார்கள். காற்று ஒரு தடவை அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள்.

*

மதாம் பாட்டில்களோடு காரில் முன்னதாகவே போய்விட்டார். தன் பங்குப் பாட்டில்களை டாக்டர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு ஊரிலும் மூளையைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டப்போகும் துண்டுகள் இனி ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளட்டும் என்றார். அடுத்த எலிப் பெட்டி எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. அஞ்சலை வழிச் சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தார், இரண்டு பேருக்குப் போதுமான அளவு. பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுங்கள் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா பிடிவாதமாக வந்தாள். சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்தேன். மெட்ராஸ் பஸ் தூரத்தில், எதிர்க் கோடியில் நின்றது. நடுவே நனைந்த மைதானம், குட்டைகள், முறுக்குக் கூடைகள்.

அப்பா முதல் தடவை சாய்ந்தபோது அவருக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அந்த வயதுதான் இப்போது எனக்கு. அதை நாங்கள் இருவரும் ஒரு தடவையும் பேசியதில்லை. நான் குனிந்து பையை எடுத்தேன். அவள் என் முகத்தைத் தடவினாள். விரல் கண்ணில் பட்டது, வேண்டுமென்று இல்லை.

“போய்ட்டு வரேன்கா.”

அவள் பார்வை என் ஷூவுக்கு இறங்கியது.

“திரும்பிப் பாக்காத” என்றாள். “பஸ் வரைக்கும் நேரா நடந்து போ. நா பாக்கணும்.”